லேப்டாப் சூடாகிறதா? முதலில் அடியைப் பாருங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் தெரிந்த தம்பி ஒருவரின் லேப்டாப்பை நேற்று திறந்து பார்த்தேன். விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவில் தூசு கம்பளி மாதிரி படிந்திருந்தது. காற்று வெளியேற வழியே இல்லை.

கோலாலம்பூரில் மதியம் 33 டிகிரி சாதாரணம். விசிறி உள்ளே இழுப்பதும் அந்தச் சூடான காற்றைத்தான். பெரும்பாலான லேப்டாப்களில் காற்றுத் துளைகள் அடியில் இருக்கின்றன. மெத்தை மேல் வைத்தால் அடைபட்டுவிடும். மேசையில் வைத்துப் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். கூலிங் பேட் (அடியில் வைக்கும் விசிறிப் பலகை) எல்லாம் அப்புறம்.

லேப்டாப்பின் மூளையான சிப் 95, 100 டிகிரியை நெருங்கினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பலர் "பழசாகிவிட்டது, புதுசு வாங்கணும்" என்று நினைப்பது பல நேரம் இதைத்தான். தயவுசெய்து அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீர்கள்.

அழுத்தக் காற்று அடைத்த டப்பாவால் தூசை ஊதும்போது விசிறி சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதன் பேரிங் கெட்டுவிடலாம். பிரித்துப் பழக்கமில்லையா, கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் கொடுங்கள். சிப்பின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

அடிப்பக்கம் உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடவே வேண்டாம். பேட்டரி வீங்கியிருக்கிறது, தீப்பிடிக்கலாம். உடனே அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள்.