எடுத்த கணமே பெரிய திரையில்

நண்பர் ஒருவரின் பாத்திரக் கடைக்காகப் பித்தளைக் குத்துவிளக்குகளைப் படமெடுத்திருந்தேன். கேமராவின் சிறிய திரையில் குறையில்லாமல் தெரிந்த படங்களை வீட்டில் கணினியில் திறந்தபோது, விளக்கின் தண்டில் என் சட்டை பிரதிபலித்திருந்ததும், உச்சியிலிருந்த அன்னத்தின் அலகில் ஃபோகஸ் தப்பியிருந்ததும் தெரிந்தன. அத்தனையையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அன்று முதல் இத்தகைய வேலைகளுக்குக் கேமராவை யூஎஸ்பி கேபிள் வழியாக என் லினக்ஸ் மடிக்கணினியோடு இணைத்தே எடுக்கிறேன்.

இதற்கு நான் நம்பியிருப்பது ஜிபோட்டோ2 என்னும், டெர்மினலில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் நிரலை. டெர்மினல் பிடிக்காதவர்களுக்கு சுட்டியால் இயக்கும் டார்க்டேபிள், என்டாங்கிள் ஆகிய நிரல்கள் இருக்கின்றன; அவையும் இதே ஜிபோட்டோ நிரல் நூலகத்தின் மேல்தான் இயங்குகின்றன. கேபிளைச் செருகியதும் க்னோம் போன்ற டெஸ்க்டாப்கள் கேமராவைத் தாமே மவுன்ட் செய்துகொள்வதால், அதாவது ஒரு சேமிப்பகம்போல் திறந்து வைத்துக்கொள்வதால், யூஎஸ்பி சாதனத்தைக் கைப்பற்ற முடியவில்லை என்று ஜிபோட்டோ2 பிழை காட்டும். கோப்பு மேலாளரில் கேமராவை அன்மவுன்ட் செய்துவிட்டால் பெரும்பாலும் அது தீர்ந்துவிடும்.

பிறகு ‘கேப்ச்சர்-டெதர்ட்’ தேர்வோடு நிரலை ஓடவிட்டு, வழக்கம்போல் கேமராவிலேயே ஷட்டரை அழுத்தினால் போதும், படம் கணினிக்கு இறங்கிவிடும். ‘கீப்’ என்ற தேர்வையும் மறவாமல் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் படம் இறங்கியதும் மெமரி கார்டில் உள்ள பிரதி அழிக்கப்படும்.

படத்தை உடனே திரையில் காட்டுவது ‘ஹுக்-ஸ்கிரிப்ட்’ என்ற வசதி. ஒவ்வொரு கோப்பும் இறங்கி முடிந்ததும் ஜிபோட்டோ2 நம் ஸ்கிரிப்டை, அதாவது நாம் எழுதி வைத்த சிறு கட்டளைத் தொகுப்பை, அழைத்து, கோப்பின் பெயரை ‘ஆர்கியுமென்ட்’ என்ற மாறியில் கொடுக்கிறது. என் ஸ்கிரிப்ட், கேமரா பதப்படுத்தாமல் தரும் ‘ரா’ கோப்புகளை விட்டுவிட்டு, ஜேபெக்கை மட்டும் ஒரே நிலையான பெயருக்கு நகலெடுக்கும். ஃபே என்னும் படங்காட்டி நொடிக்கொருமுறை அந்தப் பெயரை மீண்டும் திறக்கும். முதலில் நேரடியாக நகலெடுத்தபோது, நகல் முடியுமுன்பே ஃபே திறந்துவிட்டதால் சில படங்களின் கீழ்ப்பாதி வெறுமையாக வந்தது. இப்போது அதே கோப்புறையில் தற்காலிகப் பெயரில் நகலெடுத்து, முழுமையான பிறகே பெயரை மாற்றுகிறேன். பெயர் மாற்றம் ஒரே வீச்சில் நடந்துவிடுவதால் அரைகுறைப் படம் கண்ணில் படுவதேயில்லை.

அடுத்த முறை நண்பரை மடிக்கணினிக்கு எதிரே உட்கார வைத்தேன். மூன்றாவது படம் வந்ததுமே, விளக்கின் ஐந்து முகங்களில் ஒன்று வாங்குபவரை நேராகப் பார்க்க வேண்டும், இதில் சற்று இடப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றார். எழுந்து விளக்கை ஒரு விரற்கடை திருப்பிவிட்டு மறுபடி ஷட்டரை அழுத்தினேன்.