தேய்மானக் கணக்கு

அப்பா சங்ககிரியிலிருந்து வந்து இறங்கிய மறுநாள் காலை, காப்பி டம்ளரோடு கீழே போய் என் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் குனிவது டயர் பக்கம்தான். பின் டயரில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் பதியவே இல்லை.

"அம்மிணி, பட்டன் இருக்கிறது. ஆனால் ரப்பர் கல்லாகிவிட்டது" என்றார். டயரின் மேல் இருக்கும் வரிப்பள்ளக் கட்டைகளைத்தான் பட்டன் என்பார்.

கைப்பேசி வெளிச்சத்தில் டயரின் பக்கச்சுவரைப் படித்தேன். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 1621. அதாவது 2021ஆம் ஆண்டின் 16ஆவது வாரம் பிறந்த டயர். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது 2025 ஜனவரி. பெங்களூரில் தணிக்கையாளராக இருக்கிறேன். தேய்மானம் என்ற சொல்லை வருடத்துக்கு எத்தனை முறை எழுதுகிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அது என் காரின் நான்கு மூலைகளிலும் நின்றுகொண்டிருப்பதைக் காட்ட அப்பா வர வேண்டியிருந்தது.

இதில் வெட்கப்பட இன்னொன்றும் உண்டு. அதற்கு முந்தின வாரம்தான், வண்டியின் சக்தியைக் கூட்டுவதற்கு ஒரு கடையில் விலைப்பட்டியல் வாங்கி வைத்திருந்தேன். ரீமேப் (எஞ்சின் கணினியின் நிரலை மாற்றுவது), டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்), பெரிய இன்டர்கூலர் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது) என்று மொத்தம் நான்கரை இலட்சம். இரண்டு பக்கப் பட்டியலில் டயர் என்ற சொல் எங்கும் இல்லை.

வண்டி பிஎம்டபிள்யூ எம்340ஐ, 2021 மாடல், இரண்டாம் கையாக வாங்கியது. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ. 387 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 வினாடி என்பது நிறுவனத்தின் கணக்கு. செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா சிட்டியில் பாகங்களைக் கோத்து உருவாக்கிய வண்டி என்பதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை. ராமமூர்த்தி நகரிலிருந்து ரெசிடென்சி சாலை அலுவலகத்துக்கு வார நாளில் இதை ஓட்டிப் போனால் மாட்டுவண்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்த 387 விழித்துக்கொள்வது மாதம் இரண்டு சனிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு ஓசூர் தாண்டி ஊருக்குப் போகும்போதுதான். ஆகவே, எதை வாங்குவதானாலும் அந்தச் சனிக்கிழமை அது எத்தனை முறை வேலை செய்யும் என்று கேட்பது என்று முடிவு செய்தேன்.

டயர் அந்தக் கேள்வியில் உடனே ஜெயித்தது. எந்நேரமும் சாலையைத் தொடுகிற ஒரே உறுப்பு அதுதான். பழையவை ரன்ஃபிளாட் வகை. காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும். அதற்காகப் பக்கச்சுவரை விறைப்பாகச் செய்திருப்பார்கள். பழைய மெட்ராஸ் சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் என் முதுகெலும்பு தனித்தனியாக அறியும். அவற்றை எடுத்துவிட்டு மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போட்டேன். பிஎம்டபிள்யூவுக்கென்று ஒப்புதல் பெற்ற டயரின் பக்கச்சுவரில் ஒரு சின்ன நட்சத்திரம் அச்சாகியிருக்கும்; அதைத் தடவிப் பார்த்துதான் பணம் கொடுத்தேன். நான்கையும் ஒரே நாளில் மாற்றினேன். இது நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. முன்னும் பின்னும் உருளும் சுற்றளவு கண்டபடி மாறினால், முன் சக்கரத்துக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் கிளட்ச் நிற்காமல் உராய்ந்து வீணாகும். "இப்போதைக்கு இரண்டு மட்டும் மாற்றலாம்" என்று கடைக்காரர் சொன்னது என் பணத்தை மிச்சப்படுத்தத்தான். அந்த மிச்சம் பிற்பாடு எங்கே போய்ச் செலவாகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மொத்தம் ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல் ஆனது. வீல் அலைன்மெண்ட் 2,200 ரூபாய் தனி.

ரன்ஃபிளாட் போய்விட்டதால் பஞ்சர் ஆனால் வழியில் நிற்க வேண்டியதுதான். ஒரு சிறிய காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் வாங்கினேன். கழற்றிய பழைய டயர் ஒன்றில் திருகாணியை ஏற்றி, அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஒட்டிப் பழகினேன். ரப்பர் திரியை உள்ளே தள்ள நான் பட்ட பாட்டைப் பார்த்து அப்பா ஐந்து நிமிடம் சிரித்தார். பிறகு ஊசியைப் பிடிக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தார்.

மழை நாளில் சில்க் போர்டு தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறும்போது, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலும் முன்பெல்லாம் மஞ்சள் விளக்கு கண்சிமிட்டும். சக்கரம் வழுக்குகிறது, சக்தியைக் குறைக்கிறேன் என்று வண்டி சொல்வது அது. இருக்கிற சக்தியையே சாலையில் இறக்க முடியாத நான் இன்னும் நூறு குதிரையை விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். புது டயரில் அந்த விளக்கு அபூர்வமாகிவிட்டது.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா வருவதற்கு ஏழு மாதம் முன்னால் 48,000 ரூபாய்க்கு ஓர் இன்டேக், அதாவது எஞ்சினுக்குக் காற்றை எடுத்துத் தரும் அமைப்பு, வாங்கிப் போட்டேன். நிறுவனத்தின் காற்றுப்பெட்டியைக் கழற்றிவிட்டு, திறந்த கூம்பு வடிவ ஃபில்டரை வைப்பது. டர்போ காற்றை உறிஞ்சும் சத்தம் அழகாகக் கேட்கும். முதல் மூன்று நாள் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டே ஓட்டினேன், புகையையும் தூசியையும் பொருட்படுத்தாமல். அப்புறம் ஒரு ஞாயிறு, ஆளில்லாத நெடுஞ்சாலையில் நாற்பதிலிருந்து நூறு வரை பலமுறை நேரம் எடுத்துப் பார்த்தோம். நான் ஓட்ட, தம்பி கடிகாரத்தை அழுத்தினான். முன் எடுத்த நேரத்துக்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் அவன் விரலின் பிசகுக்குள் அடங்கிவிட்டது. பழைய பெட்டி வண்டியின் முகப்பிலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது; இந்தக் கூம்போ போக்குவரத்தில் நிற்கும்போது எஞ்சின் அறையின் வெந்த காற்றைக் குடிக்கிறது. கடைசியில் 20,000க்கு விற்றேன். 28,000 ரூபாய் நஷ்டம், ஏழு மாதம். மாதம் 4,000 ரூபாய் வாடகைக்கு ஒரு சத்தம்.

விலைப்பட்டியலில் இருந்த இன்டர்கூலர் விஷயம் வேறு. இந்த எஞ்சினில் டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது தண்ணீர். அந்தக் குளிர்விப்பான் எஞ்சினுக்குள் காற்று நுழையும் குழாயமைப்பிலேயே பொதிந்திருக்கிறது. முகப்பில் மாட்டும் பெரிய இன்டர்கூலருக்கு இதில் இடமே இல்லை. "எங்கே இணைப்பீர்கள்?" என்று விற்பனையாளரைக் கேட்டேன். "பார்த்துச் செய்துகொள்ளலாம், மேடம்" என்றார். அந்தக் கடைக்கு அதற்குப் பிறகு போகவில்லை.

பிரேக் பாடத்தை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் கற்றேன். சுற்று 3.7 கிலோமீட்டர். புது டயர் போட்ட மிதப்பில் ஒரு நாள் பணம் கட்டிப் போயிருந்தேன். முதல் மூன்று சுற்றும் சுகமாகப் போயின. நான்காவது சுற்றில், நேர்ச்சாலையின் முடிவில் மிதித்தபோது பெடல் வழக்கத்தைவிட அரை அங்குலம் கீழே போனது. அடுத்த வளைவில் இன்னும் கீழே. மூன்றாவது முறை பஞ்சை மிதித்ததுபோல் இருந்தது. இரண்டு முறை அடித்து மிதித்த பிறகுதான் வண்டி பிடித்தது. மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோது கருகின வாடை, சக்கரத்துக்குள்ளிருந்து மெல்லிய புகை. அங்கிருந்த மெக்கானிக் குப்பியைத் திறந்து பார்த்தார். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய பிரேக் ஆயில் கருங்காப்பியாக இருந்தது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியதற்கான வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ். குமிழ் நசுங்குமே தவிர விசையைக் கடத்தாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை முந்தின உரிமையாளரும் மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை. மாதம் தவறாமல் எல்லாவற்றையும் சரிபார்க்கிற எனக்கு இது தோன்றவே இல்லை. 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ஆயில் இரண்டு பாட்டிலும் கூலியும் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. வெப்பம் தாங்கும் பிரேக் பேடும் போட்டேன்; சக்கரத்தில் கரி அதிகம் படிகிறது, காலையில் முதல் மிதிக்கு ஒரு கீச்சொலி. சகித்துக்கொள்கிறேன். நூறிலிருந்து நூற்று நாற்பதுக்குப் போனால் வேகம் நாற்பது சதவீதம்தான் கூடுகிறது, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. குதிரைத்திறன் விற்கிறவர்கள் இந்தக் கணக்கை எழுதிக் காட்டி நான் பார்த்ததில்லை.

ரீமேப்? பொய் சொல்ல மாட்டேன். தெரிந்தவர் ஒருவரின் ரீமேப் செய்த வண்டியில் உட்கார்ந்து போனபோது வயிறு சில்லிட்டது. காசுக்கு மிக அதிக வேகம் தருவது அதுதான். ஆனால் 2020 நடுப்பகுதிக்குப் பிறகு வந்த இந்த எஞ்சின்களின் கணினி பூட்டப்பட்டிருக்கிறது. திறப்பதே ஒரு தனிச் செலவு. அதிக அழுத்தத்துக்கு அதிக ஆக்டேன் வேண்டும்; அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் பெட்ரோல் தாங்குவதைக் காட்டும் எண் அது. நான் கணக்குப் பார்த்தபோது சாதாரணப் பெட்ரோல் 91. 95 ஆக்டேன் உள்ள எக்ஸ்பி95 கிடைக்கும் பங்க் ஊர்ப்பாதையில் எல்லா இடத்திலும் இருக்கவில்லை. பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர். காற்று லேசானது. அதே அழுத்தத்தைக் காட்ட டர்போ இங்கே ஏற்கெனவே கூடுதலாகச் சுழல்கிறது, கூடுதலாகச் சூடாகிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் சொன்னால் ஒரு சிக்கல், சொல்லாவிட்டால் பெரிய சிக்கல். பத்திரங்களோடு பிழைக்கிறவளுக்கு அந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும். வண்டியின் உயரத்தைத் தாழ்த்தும் ஸ்பிரிங் பற்றிக் கேட்கிறவர்கள் எங்கள் தெருவின் மூன்று வேகத்தடைகளை ஒருமுறை வந்து பார்க்கலாம்.

போன மாதம் அப்பாவை ஊரில் விடப் போனேன். தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக்கை மட்டும் நம்பிப் போன லாரிகளின் கதை அப்பாவிடம் நிறைய உண்டு. அவற்றில் இரண்டு அவருடைய நண்பர்கள் ஓட்டியவை. நான் மூன்றாம் கியருக்கு இறக்கி, எஞ்சினே வண்டியைப் பிடித்துவைக்க விட்டு இறங்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடிக்கவும் இல்லை.

கீழே ஒரு டீக்கடையில் நிறுத்தியதும் இறங்கி, முன் சக்கரத்தருகே புறங்கையைக் கொண்டுபோய் ஒரு நொடி வைத்துப் பார்த்தார். பிறகு பின் சக்கரம்.

"சூடில்லை" என்று சொல்லிவிட்டு இரண்டு டீ சொல்லப் போனார்.