அம்மி கொத்திய பல்

அப்பா மதுரையில் செல்லூர், தத்தனேரித் தெருக்களில் அம்மி கொத்தியவர். அம்மி வழவழப்பாகிவிட்டால் மிளகாய் அரைபடாது, வழுக்கிக்கொண்டே போகும். உளியால் மறுபடி பொளிந்து தர வேண்டும்.

பெரம்பலூர் பக்கம் காரையில் கிடைக்கும் டைக்கோடஸ் என்ற, எப்போதோ அழிந்துபோன சுறாவின் புதைபடிவப் பல் படத்தைப் போனவாரம் அவரிடம் காட்டினேன். தட்டையான பல், மேலே வரிவரியாக மேடு. "இதை யாருப்பா கொத்துனது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே எனக்குப் போதும், மெய் சிலிர்த்துவிட்டது. ஓட்டோடு இருக்கும் இரையை நொறுக்க அமைந்த பல் அது. தேய்ந்தால் கொத்த வேண்டாம், பின்னாலிருந்து புதுப் பல் வந்துவிடும்.

வெகுகாலம் பெரும்பாலும் பற்களே கிடைத்ததால், கடலடியில் மெதுவாக மேயும் மீன் என்று நினைத்தார்கள். மெக்சிகோவின் வாயெசியோவில் கிடைத்த முழு உடல் புதைபடிவங்களைப் பற்றி 2024இல் ஆய்வு வந்தது. வெள்ளைச் சுறாவின் வரிசையைச் சேர்ந்த வேக நீச்சல்காரனாம்! ஆமை, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர் எல்லாம் அதன் இரையாக இருந்திருக்கலாம்.

நம் யானைமலையில் இதைத் தேடிப் பயனில்லை, அது பூமிக்கடியில் வெந்து உருவான பாறை, அதில் புதைபடிவம் தங்காது. அப்பாவுக்கு முட்டிவலி குறையட்டும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, இருவரும் காரைக்குப் போகிறோம்.