காதல் கதைன்னு சொல்லி ஊரைத்தான் விக்கறாங்க

ஒரு சின்ன ஊரை வச்சு இங்கிலீஷ்ல வர்ற சின்ன ஊர் ரொமான்ஸ் நாவலா படிச்சுத் தள்றவங்ககிட்ட போய் போன மாசம் படிச்ச புக்ல ஹீரோ பேரு என்னன்னு கேளுங்க, கொஞ்சம் முழிப்பாங்க. ஆனா அந்த ஊர்ல பார் எங்க இருக்கு, டாக்டர் எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சி, யாரு காதுல போட்டா விஷயம் அரை மணி நேரத்துல ஊர் பூரா பரவும், இதெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. என் கேஸும் அதேதான். இந்த நாவல்கள்ல காதல் ஒரு சாக்கு, நாம காசு குடுத்து வாங்கறது அந்த ஊரை.

முடிவு நமக்கு முன்னாடியே தெரியும். ரொமான்ஸ்னு போட்டா கடைசில ரெண்டு பேரும் சேர்ந்தே ஆகணும், அதை மீறினா வாசகர்கள் எழுத்தாளரை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. அப்போ சஸ்பென்ஸே இல்லாத ஒரு கதையை ராத்திரி கண்ணு எரிய எரிய எதுக்குப் படிக்கறோம்? சேருவாங்களான்னு பாக்க இல்ல, எப்படி சேருறாங்கன்னு பாக்க. அந்த "எப்படி"க்கு சின்ன ஊர் மாதிரி வசதி வேற எதுலயும் கிடையாது. பெரிய சிட்டில சண்டை போட்டா நம்பரை பிளாக் பண்ணிட்டு வாழ்நாள் பூரா மூஞ்சில முழிக்காம இருந்துடலாம். இங்க இருக்கறதே ஒரு பார், ஒரு மளிகைக்கடை, ஒரு டாக்டர். நேத்து ராத்திரி கதவை அறைஞ்சு சாத்தினவன் இன்னைக்குக் காலைல காபி வாங்கற லைன்ல உங்களுக்கு முன்னாடி நிப்பான், பின்னாடி நிக்கற மூணு பேருக்கும் நேத்து நடந்தது தெரிஞ்சிருக்கும். எழுத்தாளர் தற்செயலா சந்திச்சாங்கன்னு ஜோடிக்கவே வேணாம்.

இது ஒண்ணும் புது டெக்னிக் இல்ல. இங்கிலாந்து நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1814ல, நாவல் எழுத முயற்சி பண்ணிட்டிருந்த தன் அண்ணன் பொண்ணுக்கு ஒரு லெட்டர் போடறாங்க, கிராமத்துல மூணு நாலு குடும்பம் இருந்தா போதும், கதை பண்ண அதைவிட என்ன வேணும்ங்கற மாதிரி. இன்னைக்கு வர்ற சீரிஸ் எல்லாம் அந்த மூணு நாலு குடும்பத்துலதான் ஓடிக்கிட்டிருக்கு, கூட ஒரு பிக்கப் டிரக் சேர்ந்திருக்கு அவ்ளோதான்.

ராபின் கார்ங்கற அமெரிக்க எழுத்தாளரோட விர்ஜின் ரிவர் நாவல் 2007ல வந்துச்சு, ஊர் பேரும் அதேதான், எனக்கு இந்த வகைல ரொம்பப் பிடிச்ச தொடக்கம் அதுதான். மெல்னு ஒரு நர்ஸ், பிரசவம் பாக்கறவ, புருஷனைப் பறிகுடுத்துட்டு லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்க முடியாம, அறுநூறு பேர் இருக்கற மலை ஊருக்கு வேலைன்னு விளம்பரம் பாத்து வர்றா, தங்கறதுக்கு கேபின் ஃப்ரீ. வந்து பாத்தா கேபின் பூரா அழுக்கு, போர்ச் இடிஞ்சு கிடக்கு, டாக்டரோ உன்னை யாரு கூப்பிட்டாங்கற தினுசுல பேசறார். சரி காலைல கிளம்பிடலாம்னு இருக்கறப்போ டாக்டர் வீட்டு வாசல்ல யாரோ ஒரு பச்சைக் குழந்தையை விட்டுட்டுப் போயிருக்காங்க. அவ்ளோதான், இனி எங்க கிளம்பறது. அப்புறம் பார் வச்சிருக்கற ஜாக், அவ கேக்காமலே அந்த கேபினை ரிப்பேர் பண்றான். உன்னைக் காதலிக்கறேன்னு வசனம் பேசறதுக்கு எவ்ளோ முன்னாடி பாருங்க, கைல சுத்தியல். இந்த வகை நாவல்ல ஆம்பளைங்க பேசறதைவிட ஏதாவது ஒண்ணை சரி பண்ணிக் குடுத்தே மனசுல உக்காந்துடறாங்க, அதுல நான் அவுட்.

ஆனா என்னை நிஜமா இழுக்கறது அந்த ஊர்க்காரங்க வம்புப் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லைன்னு நாம சலிச்சுக்கறோம், நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னே பாதி வாழ்க்கை போகுது. இந்தக் கதைகள்லயும் அதே நாலு பேர் இருக்காங்க, மூக்கை நுழைக்கறாங்க, யாரு வண்டி யாரு வீட்டு வாசல்ல நின்னுச்சுன்னு கணக்கு வச்சுக்கறாங்க, ஆனா கடைசில பாத்தா அவங்க உங்க கட்சி. ரெண்டு நாள் வெளிய தலை காட்டலைன்னா கதவைத் தட்டி சாப்பாடு வச்சுட்டுப் போவாங்க. பக்கத்து ஃபிளாட்ல யாரு இருக்காங்கன்னு தெரியாம வாழறவங்களுக்கு இது ஹீரோவோட தோளைவிட பெரிய கனவு. நிஜமான சின்ன ஊர்ல இதே கண்ணு எவ்ளோ மூச்சு முட்ட வைக்கும்னு அங்க பொறந்து தப்பிச்சு வந்தவங்களைக் கேளுங்க, அதுவும் ஊருக்குப் பிடிக்காத மாதிரி காதலிச்சவங்களைக் கேளுங்க. நாவல் அந்தப் பக்கத்தை நைசா மறைச்சுடுது, தெரிஞ்சேதான் மறைக்குது.

சீரிஸா வர்றது இன்னொரு போதை. விர்ஜின் ரிவர் முதல் புக்ல ஜாக்கோட பார் கிச்சன்ல அதிகம் பேசாம சமைச்சுக்கிட்டிருந்த ப்ரீச்சர் ரெண்டாவது புக்ல ஹீரோ ஆயிடறான், முதல் ஜோடி பின்னாடி குடும்பம் நடத்திக்கிட்டிருப்பாங்க. நாமளும் அந்த ஊர்ல குடியேறி வருஷக்கணக்கா ஆன ஆள் மாதிரி ஒரு மிதப்பு வந்துடும். டெபி மேகோம்பர்னு இன்னொரு அமெரிக்க எழுத்தாளரோட சீரிஸ்ல வர்ற சீடர் கோவ், அவங்க வாழ்ந்த வாஷிங்டன் மாநிலத்து போர்ட் ஆர்ச்சர்டை வச்சு எழுதின கற்பனை ஊர். 2009ல வாசகர்கள் அந்த நிஜ ஊருக்கே திரண்டு வந்து விழா கொண்டாடினாங்க. விர்ஜின் ரிவர் கதை இன்னும் வேடிக்கை, கலிஃபோர்னியா ஊரை 2019ல நெட்ஃபிளிக்ஸுக்காகப் போய் எடுத்தது கனடால.

எரிச்சல் வர்ற விஷயமும் இருக்கு. அறுநூறு பேர் ஊர்ல புத்தகக்கடையும் கப்கேக் கடையும் எப்படி வாடகை கட்டுதுன்னு எவனும் சொல்ல மாட்டான், சரி போகட்டும். ஆனா நல்லா ஓடற வேலையை விட்டுட்டு வர்றது எப்பவும் ஹீரோயினாவே இருக்கறது ஏன், ஒரு தடவை ஹீரோ மூட்டை கட்டினா ஊர் இடிஞ்சா விழும்? அந்த மாதிரி புக்கை நான் பாதிலயே வச்சுடுவேன். மெல் கதைல அந்தப் பிரச்சினை இல்ல, ஏன்னா அவ வர்றதே வேலை பாக்க, ஊருக்கு அவ வேலை வேணும்.

படிக்க ஆரம்பிக்கறவங்க தயவுசெஞ்சு எந்த சீரிஸா இருந்தாலும் முதல் பார்ட்ல இருந்து போங்க, நடுவுல பூந்தீங்கன்னா யாரு யாரைக் கட்டிக்கிட்டாங்கன்னு முதல் சாப்டர்லயே உடைச்சுடுவாங்க.