பாலர் பள்ளி டெபாசிட்: பணம் கட்டுமுன் நாங்கள் கேட்டவை

சிங்கப்பூரின் பொங்கோலில் அடுக்குமாடி புளோக்குக்குப் புளோக் பாலர் பள்ளி இருப்பதுபோல்தான் தெரியும். இடம் கேட்டுப் போனால்தான் வரிசை எவ்வளவு நீளம் என்று புரியும். மகளுக்குப் பதினெட்டு மாதம் ஆனதும் பாலர் பள்ளியின் தொடக்க வகுப்பான பிளேகுரூப்பில் சேர்ப்பதாக இருந்தோம். அதுவரை பார்த்துக்கொண்ட மாமியார் திருச்சிக்கு டிக்கெட் போட்டுவிட்டார்.

லைஃப்எஸ்ஜி என்ற அரசுச் செயலியில் பக்கத்து நிலையங்களுக்கெல்லாம் விருப்பம் பதிவு செய்தோம். அது பெயர் கொடுத்து வைப்பது மட்டும்தான். இடம் தருவதும் பணம் வாங்குவதும் அந்தந்த நிலையத்தின் வேலை.

எங்கள் புளோக்குக்குக் கீழே இருப்பது அரசு ஆதரவு பெறும் ஆங்கர் நிலையம். அத்தகைய இடங்களில் முழுநாள் பராமரிப்புக்கு 2025இல் மாதக் கட்டண உச்சவரம்பு 640 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஜிஎஸ்டி தனி. 2026இல் அது 610. தாய் வேலைக்குப் போகிறவர், பிள்ளை குடியுரிமை உள்ளது என்றால் அடிப்படை மானியமாக 300 வெள்ளி கழியும். குடும்ப வருமானம் 12,000 வெள்ளிக்குள் இருந்தால் கூடுதல் மானியமும் உண்டு. அப்புறம் கூட்டம் அங்கே நிற்காமல் எங்கே நிற்கும்? "காலியானால் கூப்பிடுகிறோம்" என்றார்கள்.

முதலில் கூப்பிட்டது இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளியிருந்த தனியார் நிலையம். வார இறுதிக்குள் பதிவுக் கட்டணமும் ஒரு மாத டெபாசிட்டும் கட்டினால் இடம் உறுதி. அந்த ஒரு மாதம் என்பது மானியம் கழிக்காத முழுக் கட்டணம். மானியம் போக மிச்சத்தை மட்டும் மனக்கணக்குப் போட்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாதக் கட்டணத்தைப் பிள்ளையின் சிடிஏ என்ற அரசுத் திட்டச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டலாம். டெபாசிட்டை நாங்கள் சொந்தப் பணத்திலிருந்து பேநவ் வங்கிப் பரிமாற்றம் மூலம் கட்டினோம்.

கட்டுவதற்கு முன் என் மனைவி ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தாள். அலுவலகத்தில் கொள்முதல் பிரிவு அவளுடையது, அந்தப் பழக்கம். டெபாசிட் திரும்பக் கிடைக்கும் என்று முதல் பக்கத்தில் பெரிதாக இருந்தது. எப்போது கிடைக்காது என்பது கடைசிப் பக்கத்தில். சேருவதற்கு முன்பே விலகினால் முழுத் தொகையும் போய்விடும். சேர்ந்த பிறகு விலக ஒரு மாத நோட்டீஸ், அதுவும் எழுத்தில். அந்த ஒரு மாதம் நாம் கடிதம் கொடுத்த நாளிலிருந்தா, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்தா? அங்கே எழுதியிருக்கவில்லை. இருபதாம் தேதி கடிதம் கொடுக்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

நிலையத் தலைவியிடம் கேட்டோம். நல்ல மனுஷி, "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று சிரித்தார். சரி, அதையே மின்னஞ்சலில் எழுதித் தாருங்கள் என்றாள் மனைவி. கொஞ்சம் இழுத்தடித்துத்தான் பதில் வந்தது: கடிதம் கொடுத்த நாளிலிருந்து கணக்கு, சேரும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே சொன்னால் டெபாசிட் திரும்பும், பதிவுக் கட்டணம் திரும்பாது. அதற்கப்புறம்தான் பணம் அனுப்பினோம். தட்டம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசிச் சான்றுகளையும் அன்றே கொடுத்துவிட்டோம்.

அங்கே தமிழ் கிடையாது, தாய்மொழி என்றால் சீனம் மட்டும். எனக்கு அதில் இன்னும் மனக்குறைதான். கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் தமிழ் உண்டு என்றாலும் அங்கே கே1 என்ற ஐந்து வயது வகுப்பில்தான் சேர முடியும்.

மகள் போகத் தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, பாலர் பள்ளியின் கடைசி வகுப்பான கே2 பிள்ளைகள் தொடக்கநிலை ஒன்றுக்குப் போய் இடங்கள் காலியானபோது, ஆங்கர் நிலையம் கூப்பிட்டது. அங்கேயும் டெபாசிட். அதே கேள்விகளைக் கேட்டோம். பதில்கள் படிவத்திலேயே இருந்தன. பழைய இடத்தில் மாதக் கடைசி, புதிய இடத்தில் முதல் தேதி என்று பொருத்திக் கடிதம் கொடுத்தோம். இல்லாவிட்டால் ஒரே மாதத்துக்கு இரண்டு கட்டணம். பழைய டெபாசிட்டைக் கடைசி மாதக் கட்டணத்தில் கழிக்க ஒப்பவில்லை. மகள் நின்று சில வாரம் கழித்துத்தான் வங்கிக் கணக்குக்கு அனுப்பினார்கள். அதுவரை இரண்டு டெபாசிட்டும் எங்கள் கையில் இல்லை. மாறப்போகிறவர்கள் அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.