வகிடு அகலமானதுக்கு போர் தண்ணி மேல பழி போடாதீங்க

எங்க பாலக்கோடு பக்கம் யாருக்கு முடி கொட்டினாலும் முதல்ல திட்டு வாங்குறது போர் தண்ணிதான். உப்பு, ஃப்ளோரைடு, அதான் முடி போகுதும்பாங்க. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல வந்துடுச்சு, ஆனா எங்க வீட்ல குளிக்கிறது இன்னும் போர் தண்ணியிலதான். எனக்கு நடு வகிடு அகலமாகிட்டே வந்தப்பவும் அம்மா, பெரியம்மா எல்லாரும் இதையேதான் சொன்னாங்க, அதே தண்ணியில குளிக்கிற என் நாத்தனாருக்கு மட்டும் பின்னல் இடுப்புக்கு கீழ தொங்குதேன்னு கேட்டா யார்கிட்டயும் பதில் இல்ல.

அம்மா விசேஷம்னா சவுரி வெச்சுதான் பின்னுவாங்க, தாத்தாவுக்கு உச்சி முழுக்க சொட்டை, தம்பிக்கு 25 வயசுக்குள்ள நெத்தி ரெண்டு பக்கமும் ஏறிடுச்சு. ஆனாலும் பரம்பரைன்னா அது ஆம்பளைங்க சமாச்சாரம்னுதான் வீட்ல பேச்சு.

தர்மபுரியில ஒரு தோல் டாக்டரம்மாவ பார்த்தேன். முடிய கொஞ்சமா பிடிச்சு இழுத்து பார்த்தாங்க, லென்ஸ் மாதிரி ஒண்ண தலையில வெச்சு பார்த்துட்டு நல்ல முடியும் பூனைமுடி மாதிரி மெலிஞ்சதும் கலந்து இருக்குதுன்னாங்க. பீரியட்ஸ் ஒழுங்கா வருதா, மோவாயில முடி வருதா, சமீபத்துல காய்ச்சல் வந்துச்சான்னு ஒரே கேள்வி. டெங்கு மாதிரி காய்ச்சல், பிரசவம் இதுக்கு அப்புறம் ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொத்து கொத்தா கொட்டுமாம், பெரும்பாலும் அது தானா திரும்ப வந்துடும். பரம்பரை முடி இழப்பு அப்படி இல்லீங்க, வேர் கொஞ்சம் கொஞ்சமா சிறுசாகி முடி மெலிஞ்சுக்கிட்டே போகும், பொம்பளைங்களுக்கு பெரும்பாலும் முன்நெத்தி அப்படியே இருக்கும் நடுவுலதான் மண்டை தெரியும். ஹீமோகுளோபின், ஃபெர்ரிட்டின் (உடம்புல சேர்ந்திருக்குற இரும்போட அளவு), தைராய்டுன்னு ரத்த டெஸ்ட் எடுக்க சொன்னாங்க. ஃபெர்ரிட்டின் கம்மி, இரும்பு மாத்திரை கொடுத்தாங்க, ஆனா வகிடு அகலமானது அதனால மட்டும் இல்ல, பரம்பரையாலயும்தான்னு சொல்லிட்டாங்க.

அப்புறம் தலையில தடவ மினாக்ஸிடில்னு ஒரு மருந்து கொடுத்தாங்க. இது முதல்ல பிபி மாத்திரையா வந்ததாம், சாப்பிட்டவங்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைக்கவும்தான் தலைக்கு தடவுற மருந்தா மாத்தியிருக்காங்க. தலை காஞ்சிருக்கணும், முடியில இல்ல தோல்ல படணும், கைய கழுவிடணும், நெத்தியில வழிஞ்சா அங்கயும் முடி வரும். கர்ப்பம், பால் கொடுக்குற நேரம்னா கூடாது. ஆரம்பத்துல இன்னும் அதிகமா கொட்டுச்சு பாருங்க, அம்மா பாட்டில தூக்கி எறிய வந்துட்டாங்க. பழைய முடி விழுந்துதான் புதுசு வரும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாங்க, இல்லன்னா நானே நிறுத்தியிருப்பேன். நாலு மாசத்துக்கு முன்னாடி எதையும் எதிர்பார்க்காதீங்க. எனக்கு வகிடு பழையபடி ஆகல, ஆனா இதுக்கு மேல அகலமாகல, பூ வெச்சா நிக்குது. நிறுத்தினா சில மாசத்துல வந்ததும் போயிடும், அதனால இது தொடர் செலவு, அத யோசிச்சுட்டு ஆரம்பிங்க.

தம்பி கதை வேற. ஆம்பளைங்களுக்கு டிஹெச்டிங்கிற ஹார்மோன்தான் வில்லன், அத குறைக்க ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரை இருக்கு. சிலருக்கு தாம்பத்திய ஆசை குறையலாம்னு டாக்டர் நேராவே சொன்னதும் அவன் பயந்துட்டான், அப்புறம் யோசிச்சுட்டு எடுக்குறான், இதுவரைக்கும் தொந்தரவு இல்ல. அவன் சம்சாரம் மாசமா இருக்காங்க, உடைஞ்ச மாத்திரைய தொடவே வேணாம்னு சொல்லியிருக்காங்க, ஆண் குழந்தையா இருந்தா பாதிக்குமாம். அம்மா வழி தாத்தாவாலதான் சொட்டைன்னு அவன் திட்டிக்கிட்டே இருப்பான். ஒரு முக்கியமான ஜீன் அம்மா வழியா வர்றது நிஜந்தான், ஆனா அப்பா வழியிலயும் நிறைய ஜீன் சேருது, பாவம் தாத்தா.

நடுவுல ஓசூர்ல ஒரு கிளினிக்ல ட்ரான்ஸ்பிளான்ட் பேக்கேஜ் விசாரிச்சான். பின்னந்தலை முடிய எடுத்து முன்னாடி நட்டாலும் சுத்தி இருக்குற பழைய முடி கொட்டிக்கிட்டுதான் இருக்கும், மருந்த விட முடியாதுன்னு எங்க டாக்டர் சொன்னதும் அந்த பணத்த பிரசவ செலவுக்கு எடுத்து வெச்சுட்டான்.