நினைவாற்றல் ஆய்வுக்காக என் மூளையைப் படமெடுத்தார்கள்: ஒரு தன்னார்வலரின் அனுபவம்

நரம்பு செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் ஆரோக்கியமான முதியவர்களின் மூளையில் எந்த நிலையில் இருக்கிறது, நினைவாற்றலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று பார்க்கும் ஓர் ஆய்வில் கலந்துகொண்டேன். எனக்கு வயது அறுபதுகளின் பிற்பகுதி. "உனக்கு என்ன உடம்புக்கு, எதுக்கு இந்த ஸ்கேன் எல்லாம்?" என்று கேட்காத ஆள் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பதால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். முதுமையால் மட்டும் மூளையில் என்ன மாறுகிறது என்பது தெரிந்தால்தான், எது நோய் என்று பிரித்துச் சொல்ல முடியும். அதற்கு நோயில்லாத முதியவர்கள் வேண்டும். இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு ஆள் கிடைப்பது கடினம் என்று அறிந்தபோதுதான் போக முடிவு செய்தேன்.

முதல் கட்டம் தொலைபேசியில் நடந்த விசாரணை. பக்கவாதம் வந்ததுண்டா, தலையில் பலமாக அடிபட்டதுண்டா, பார்க்கின்சன் நோய் உண்டா, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்று நீண்ட பட்டியல். மருந்துகளைப் பற்றித்தான் அதிகம் துருவிக் கேட்டார்கள். மனநோய்க்குத் தரும் பல மருந்துகள், மூளை செல்களில் டோபமைன் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளை அடைத்துக்கொள்ளும். வாந்தியை நிறுத்தத் தரும் மெட்டோகுளோபிரமைடு கூட அப்படித்தான். மருந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஸ்கேனுக்காக ஏற்றும் கதிரியக்கப் பொருள் போய் ஒட்ட முடியாது. பிறகு உலோகம்: பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் துகள். எம்.ஆர்.ஐ காந்தத்துக்கு இவை ஆபத்து. என்னோடு விண்ணப்பித்த தோழியை இந்தக் கட்டத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் மிகவும் வருந்தினார். விலக்கப்படுவது உடல்நிலை மோசம் என்பதற்கான சான்று அல்ல, அந்த ஆய்வின் கணக்குக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஒப்புதல் படிவத்தைப் படிக்க அவசரப்படுத்தவே இல்லை. நான் இரண்டு கேள்விகள் கேட்டேன். கதிர்வீச்சு எவ்வளவு? இயற்கையிலிருந்து மனிதர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறோம், இந்த ஸ்கேனும் ஏறக்குறைய அதே வரிசையில் வரும் என்றார்கள். என் முடிவுகளை எனக்குத் தருவீர்களா? எம்.ஆர்.ஐ படத்தைக் கதிரியக்க மருத்துவர் ஒருவர் பார்ப்பார், கவனிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்வோம், டோபமைன் எண்ணைத் தர மாட்டோம் என்றார்கள். ரத்தச் சர்க்கரைக்கு இருப்பதுபோல அதற்கு 'இதுவரை சரி, இதற்குமேல் தவறு' என்ற எல்லைக்கோடு கிடையாது. எண்ணை மட்டும் கொடுத்தால் வீண் பயம்தான் மிஞ்சும். இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. தன் மறதிக்குத் தீர்ப்பு கேட்டுப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். அவர்கள் போக வேண்டிய இடம் மருத்துவரின் அறை.

நினைவுச் சோதனைக்கு முன்னால் வீட்டில் கொஞ்சம் பயிற்சி செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். ஆய்வாளரான அந்த இளம்பெண் சிரித்தபடி, "வேண்டாம்மா. நீங்க எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே வாங்க. பயிற்சி எடுத்துட்டு வந்தீங்கன்னா நாங்க உங்க பயிற்சியைத்தான் அளப்போம்" என்றார். அன்று முழுக்க அந்த வார்த்தை எனக்குத் துணையாக இருந்தது. சோதனையில் வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும், பிறகு நினைவில் உள்ளதை எழுத வேண்டும். ஓர் எண்ணும் ஒரு சொல்லும் ஜோடியாக வரும். பின்னால் சொல்லைக் காட்டி எண்ணைக் கேட்பார்கள். கட்டங்களில் பொருள்களின் படங்கள் தோன்றி மறையும், எது எந்தக் கட்டத்தில் இருந்தது என்று வைத்துக் காட்ட வேண்டும். எனக்கு இந்தக் கடைசிச் சோதனைதான் மிகக் கடினம். சொற்களை நான் கதையாகக் கோத்துக்கொண்டேன். இடங்களைக் கோக்க எந்த நூலும் கிடைக்கவில்லை.

எம்.ஆர்.ஐ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காதை அடைத்தும் கேட்கும் இடிச்சத்தம், தலையைச் சுற்றி ஒரு கூடு, கண்ணுக்கு மேல் சாய்ந்த கண்ணாடி, அதில் தெரியும் திரை, கையில் பொத்தான், பயம் வந்தால் அழுத்த ஒரு ரப்பர் குமிழ். சிறிது நேரம் நினைவுப் பயிற்சி, சிறிது நேரம் வெறும் கூட்டல் குறியைப் பார்த்தபடி சும்மா கிடத்தல். அப்படிச் சும்மா கிடக்கும்போது மூளையின் எந்தெந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்குகின்றன என்று பார்க்கிறார்கள்.

உடம்பில் ஏற்றிய கதிரியக்கப் பொருள் எங்கே தங்குகிறது என்று படமெடுக்கும் பெட் (PET) ஸ்கேன்தான் இந்த அனுபவத்தின் மையம். முதலில் முகமூடி. வெந்நீரில் போட்டு இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்து அமுக்குகிறார்கள். ஈரமும் சூடும் கன்னத்தில் படர்கிறது. மூக்கு எலும்பின் மேலும் நெற்றியிலும் விரலால் அழுத்தி வடிவம் கொடுக்கிறார்கள். சில நிமிடங்களில் அது இறுகி, என் முகமாகவே ஆகிவிடுகிறது. வலை என்பதால் மூச்சுக்குத் தடையில்லை. இந்த முகமூடி இல்லாவிட்டால் தலை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே அளவு கெட்டுவிடும். மூடிய இடம் என்றால் பயம் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

காபி, தேநீர் கூடாது என்று முன்பே கட்டளை. காஃபின், டி2 என்ற வகை டோபமைன் ஏற்பிகளின் அளவீட்டையே மாற்றிக் காட்டும் என்பதால்.

நான் முதலில் போன அன்று ஸ்கேன் நடக்கவில்லை. கையில் கேனுலா குத்தி, படுக்க வைத்து, காத்திருந்தோம். பக்கத்துக் கட்டடத்தில் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் கதிரியக்கமுள்ள கார்பன்-11 உருவாக்கி, அதை டி2 ஏற்பிகளில் போய் ஒட்டும் ரேக்ளோப்ரைடு என்ற மூலக்கூறில் இணைக்கிறார்கள். கார்பன்-11-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகத் தேயும் நேரம், சுமார் 20 நிமிடம். முன்னதாகச் செய்து வைத்துக்கொள்ள வழியே இல்லை. செய்தவுடன் தரம் சோதித்து, ஓடி வந்து ஏற்ற வேண்டும். அன்று தரச் சோதனையில் தேறவில்லை. ஊசியைக் கழற்றி, வருத்தம் தெரிவித்து அனுப்பினார்கள். ஏமாற்றமாக இருந்தாலும், தேறாத மருந்தை என் நரம்பில் ஏற்றவில்லை என்பதில் அவர்கள் மேல் மதிப்பு கூடியது. இப்படி நடப்பது இந்தத் துறையில் சகஜம். ஸ்கேனுக்கு அந்த நாள் முழுவதையும் ஒதுக்கி வையுங்கள். இன்னொரு நாளுக்கும் மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை எல்லாம் சரியாக நடந்தது. மருந்து ஏறும்போது எதுவும் தெரியவில்லை, கையில் ஒரு குளிர்ச்சி மட்டும். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். இவ்வளவு நேரம் ஏன் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஏற்றிய பொருள் முதலில் மூளை முழுவதும் பரவுகிறது. சிறுமூளையில் டி2 ஏற்பிகள் மிகக் குறைவு, அதனால் அங்கிருந்து சீக்கிரம் கழுவிக்கொண்டு போய்விடும். மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரயாட்டத்தில் ஏற்பிகள் நெருக்கமாக இருப்பதால் அங்கே தங்கி நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காலப்போக்கில் விரிவதைப் பார்த்துத்தான் ஏற்பிகளின் அளவைக் கணக்கிடுகிறார்கள். அதாவது இந்தப் படம் டோபமைனையே நேராகக் காட்டுவதில்லை. அது வந்து அமரும் இருக்கைகளைக் காட்டுகிறது. ஸ்கேன் முடிந்து இரண்டு மணி நேரத்தில் உடம்பில் மிஞ்சும் கதிரியக்கம் ஸ்கேன் முடியும்போது இருந்ததில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

உயிருள்ள மனித மூளையில் இந்த ஏற்பிகளை பெட் மூலம் முதன்முதலில் படமெடுத்தது 1983-ல். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹென்றி வாக்னர் தன் மூளையையே அதற்குக் கொடுத்தார். வயது ஏற ஏற ஏற்பிகள் குறைகின்றன என்பது அடுத்த ஆண்டே வெளிவந்தது. நினைவாற்றலோடு இதற்குள்ள தொடர்பை விரிவாகப் பார்த்தது ஸ்வீடனின் ஊமியோ நகரில் நடந்த கோப்ரா ஆய்வு. 64 முதல் 68 வயதுக்குட்பட்ட 181 ஆரோக்கியமானவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். ஸ்ட்ரயாட்டத்தின் ஒரு பகுதியான காடேட், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் ஆகிய இடங்களில் டி2 ஏற்பிகள் அதிகம் இருந்தவர்களுக்கு, நடந்ததையும் கற்றதையும் நினைவுகூரும் திறன் மேலாக இருந்தது. சிந்தனை வேகத்துக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை என்பது 2016-ல் வெளியான முடிவு.

இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் டோபமைனைக் கூட்டும் மாத்திரை போட்டுக்கொள்ளலாமே" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். 2012-ல் லண்டனில் முதியவர்களுக்கு, மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மணி நேரம் கழித்துச் சோதித்தபோது நினைவில் பலன் தெரிந்தது. ஆனால் உடல் எடைக்கு ஏற்ற நடுத்தர அளவில்தான். அளவு கூடினால் பலன் மறைந்தது.

எனக்கு இன்னொரு சுற்று இருக்கிறது. முப்பது வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் ஒரே நாளில் ஒப்பிட்டால் வயதோடு சேர்த்து படிப்பு, வளர்ந்த சூழல், செய்த வேலை எல்லாம் கலந்து வரும். ஒரே ஆளைச் சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் பார்த்தால்தான் உண்மையில் எது குறைந்தது, யாருக்குக் குறையவே இல்லை என்பது தெளியும். மீண்டும் அழைக்கச் சம்மதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை எந்தப் புது மருந்து தொடங்கினாலும் தேதியோடு குறித்து வைக்கச் சொன்னார்கள். குறித்து வருகிறேன்.